வெயிலில் போட்ட மெத்தையும் விடாத மூட்டைப்பூச்சியும்

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு வரிசை வீட்டில் வசிக்கிறோம். ஓட்டு வீடு, இரண்டு அறைகள். முன்னறையில் மாமனார் காலத்துக் குழித்தறி இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு விடுதியிலிருந்து வந்த மகனின் டிரங்குப் பெட்டியோடு மூட்டைப்பூச்சி வந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய ஸ்பிரேயை மூன்று முறை அடித்தோம். சித்திரை வெயிலில் இலவம்பஞ்சு மெத்தையை எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஐந்து நாள் போட்டோம். மாமியாரின் தேக்குக் கட்டிலில் கொதிநீர் ஊற்றினோம். ஒரு வாரம் அடங்குகிறது, பிறகு மறுபடி கடிக்கிறது. நெல்லுக்கு வைக்கும் மாத்திரையை வைத்து வீட்டைப் பூட்டச் சொல்கிறார் ஒருவர். கரி அடுப்பை மூட்டி அறையைச் சூடாக்கச் சொல்கிறார் இன்னொருவர். சூடா, மருந்தா, எது சரி? இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? அடுத்த மாதம் ஏற்காட்டில் தங்கை வீட்டுக்கு வேறு போக வேண்டும்.
— வாசகி, அம்மாப்பேட்டை

அன்புள்ள சகோதரி,

மாத்திரையும் வேண்டாம், கரி அடுப்பும் வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. சட்டப்படி பொதுமக்கள் கைக்கு வரவே கூடாத பொருள் அது. உங்களுடையது வரிசை வீடு, பொதுச் சுவர், ஓட்டுக் கூரை. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். வாயு ஓட்டிடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தையிடம் போகும். கரி அடுப்பின் கதையும் இதுதான். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சரி, மூட்டைப்பூச்சியாவது சாகுமா என்றால் அதுவும் இல்லை. ஓட்டுக் கூரை அறையில் சூடு மேலே ஏறி வெளியே போய்விடும். கட்டிலின் பொருத்துக்குள் இருக்கும் பூச்சிக்கு அது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல என்று நம் ஊரில் சும்மா சொல்லிவைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. சூடும் வேண்டும், மருந்தும் வேண்டும். நீங்கள் இதுவரை இரண்டையுமே செய்திருக்கிறீர்கள், ஆனால் தனித்தனியாக, தோன்றியபோது, தோன்றிய இடத்தில். சூடு பட்ட இடத்தில் முட்டை உட்பட எல்லாவற்றையும் அப்போதே கொல்லும். ஆறியதும் அதன் வேலை முடிந்தது, மறுநாள் வரும் பூச்சியை அது தடுக்காது. மருந்து அப்படியல்ல. முட்டையை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் அங்கேயே காத்திருக்கும். ஆகவே முதலில் சூடு, அது உலர்ந்த பிறகு மருந்து, முட்டை பொரியும் காலத்தைக் கணக்கிட்டு இரண்டாம் சுற்று. வரிசை மாறினால் ஒன்று மற்றொன்றைக் கெடுத்துவிடும். மருந்து அடித்த இடத்தில் மறுநாள் ஆவி பிடித்தால் மருந்து கரைந்து வழியும். தூள் தூவிய இடத்தில் ஆவி பிடித்தால் தூள் களியாகிவிடும்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பதற்கு அளவே இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த பூச்சி 48.3 டிகிரி செல்சியஸில் உடனே சாகிறது. முட்டை உடனே சாக 54.8 டிகிரி வேண்டும். சூடு குறைந்தால் நேரம் நீளுகிறது. 48 டிகிரியில் முட்டைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடிக்கிறது. 45 டிகிரியில் வளர்ந்த பூச்சிக்கு ஒன்றரை மணி நேரம், முட்டைக்கு ஏழு மணி நேரம். இது குளிர்நாட்டு மூட்டைப்பூச்சியை வைத்துச் செய்த கணக்கு. நம் ஊர்க் கட்டில்களில் அதிகம் இருப்பது அதன் வெப்பமண்டல உறவு. அதனால் நான் கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்வேன்: சூடு படும் இடம் 60 டிகிரியைத் தாண்ட வேண்டும்.

இந்த எண்களை உங்கள் மெத்தையோடு பொருத்திப் பாருங்கள். சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மெத்தையின் மேல்துணி அதைவிடச் சூடாகும், கை வைத்தால் சுடும். ஆனால் இலவம்பஞ்சைப் போலச் சூட்டைத் தடுக்கும் பொருள் குறைவு. மேலே சுடச்சுட, உள்ளே ஆழத்தில் பூச்சி நிழலில் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறியதும் ஓரத் தையலில் இருந்தவையும் அடிப்பக்கத்துக்கு நடந்துவிடும். ஐந்து நாள் நீங்கள் மெத்தையைத் தூக்கிப் போட்டதில் உங்கள் முதுகுக்குத்தான் வலி. கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைக்கும் வழி தலையணை உறை, பள்ளிப் பை, செருப்பு போன்ற மெல்லிய பொருள்களுக்கு உதவும், அதுவும் மெல்லிசாகப் பரப்பிக் கட்டினால். முழு மெத்தைக்கு உதவாது.

இலவம்பஞ்சு மெத்தைக்கு நம்மிடம் வேறு வழி இருக்கிறது. தையலைப் பிரித்து, மேலுறையைக் கொதிக்கும் நீரில் போடுங்கள். முன்பு வெள்ளாவி வைத்து வெளுத்த துணியில் மூட்டைப்பூச்சி முட்டை தப்பியதே இல்லை. அந்தச் சூட்டைத்தான் இன்று தேடிக்கொண்டிருக்கிறோம். பஞ்சை மெல்லிசாகப் பரப்பி, கறுப்புத் தாள் மூடி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். பஞ்சு பழையது, கட்டிகட்டியாக இருக்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றிய பஞ்சைப் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துங்கள், தெருவோரம் போட வேண்டாம். போட்டால் யாராவது எடுத்துப் போய்த் தலையணை செய்வார்கள்.

படுக்கை விரிப்பு, போர்வை, அன்றாடத் துணி எல்லாம் 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் அரை மணி நேரம் ஊறட்டும். எடுக்கும்போதும் நீர் சூடாக இருக்க வேண்டும். ஊற வைப்பதற்கு முன் துணியை அந்த அறையிலேயே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கையில் அள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்தால் வழியெல்லாம் உதிரும். பட்டுப் புடவைகளை வெந்நீரில் போடச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி வரை இறங்கும் ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்தால் போதும்.

கட்டிலுக்கு வருகிறேன். கொதிநீர் ஊற்றியது தவறில்லை. ஆனால் பாத்திரத்தில் கொதித்த நீர், தேக்கின் குளிர்ந்த பொருத்துக்குள் இறங்குவதற்குள் பாதிச் சூட்டை இழந்துவிடும். தவிர, மரம் ஊறிப் பருத்தால் பொருத்தின் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே இருப்பதற்குப் பாதுகாப்பான அறை கட்டிக் கொடுத்த மாதிரி. கட்டிலை முழுவதுமாகக் கழற்றுங்கள். சட்டம் வேறு, கால் வேறு, பலகை வேறு. பிறகு ஆவி பிடியுங்கள். தரை துடைக்கவும் சோபா சுத்தம் செய்யவும் விற்கிற ஆவிக் கருவி போதும். காற்றைப் பீய்ச்சும் கூர்மூக்கு வேண்டாம். அது பூச்சியைக் கொல்வதற்கு முன் அறையின் மறுமூலைக்கு ஊதிவிடும். அகல வாயை மாட்டி, அதன் மேல் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, மெதுவாக நகர்த்துங்கள். ஓர் அடி நீளத்துக்கு அரை நிமிடம். இந்த வேலையில் பொறுமையில்லாதவர் கையில் கருவியைக் கொடுக்காதீர்கள். என் அனுபவத்தில் வீட்டு ஆண்கள் பத்து நிமிடத்தில் முழுக் கட்டிலையும் முடித்துவிட்டேன் என்பார்கள்.

ஆவி பட்ட இடம் உண்மையிலேயே சூடாயிற்றா என்று பார்க்க, தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்று வாங்கலாம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அது உதவாது. அது உடல் சூட்டை மட்டும்தான் காட்டும். இயந்திரப் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆவி நகர்ந்தவுடன் அந்த இடம் 70 டிகிரிக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இன்னொன்று: குக்கர் மூக்கில் ரப்பர் குழாயை மாட்டி ஆவி பிடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். கை வெந்து கட்டுப் போட்டிருந்தார். பூச்சி நலமாக இருந்தது.

சுவரில் தொங்கும் காலண்டர், சாமி படங்களின் பின்புறம், கதவு நிலையின் இடுக்கு, திரைச்சீலையின் மடிப்பு, பிளாஸ்டிக் நாற்காலியின் அடிப்பக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். டார்ச்சும் பழைய ஏ.டி.எம். அட்டையும் போதும். பேனா மையைப் புள்ளி வைத்தது போல் கறுப்பாக இருந்தால் அது எச்சம். வெள்ளையாக, ஒரு மில்லிமீட்டர் அளவில், மரத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது முட்டை.

தறியை மறந்துவிடாதீர்கள். நெய்பவர் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்காருகிறார். பூச்சிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? உட்காரும் பலகையின் அடி, குழியின் விளிம்பு, தறிக்கால்களின் பொருத்து, இந்த மூன்றும் முக்கியம். ஆனால் தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் கட்டிய நூல், இருக்கும்போது ஆவி பிடித்தால் நூலில் ஏற்றிய கஞ்சி இளகிவிடும், மருந்து தெறித்தால் கறை விழும். ஒரு பாவு முடிந்து அடுத்ததை ஏற்றுவதற்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுங்கள். மொத்தச் சிகிச்சையின் தேதியையே அந்த நாளை வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

இனி மருந்து. நீங்கள் அடித்த ஸ்பிரே டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 'த்ரின்' என்று முடியும் பெயர் இருக்கும்: டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், இப்படி. எல்லாம் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பம். கொசுவத்தியும் கொசு விரட்டித் திரவமும் அதே வீட்டுப் பிள்ளைகள்தாம். மூட்டைப்பூச்சி இந்தக் குடும்பத்தோடு பழகிவிட்டது. அடித்தவுடன் மல்லாந்து விழும். விடிந்ததும் எழுந்து நடக்கும். பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. டி.டி.டி. என்ற பழைய பூச்சிமருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சியை ஹவாய் தீவில் 1947லேயே கண்டுவிட்டார்கள். இங்கே 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி வீடு வீடாக டி.டி.டி. அடித்தார்கள், சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனதை உங்கள் மாமியார் பார்த்திருக்கக்கூடும். டி.டி.டி.யும் பைரித்ராய்டும் பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்குகின்றன. தாத்தா கற்ற பாடம் பேரனுக்கும் உதவுகிறது. ஆகவே நீங்கள் மூன்று முறை அடித்தது, ஒரே பூட்டில் ஒரே தவறான சாவியை மூன்று முறை திருகியதுதான்.

வேறு குடும்பத்து மருந்தோ, இரண்டு குடும்பங்கள் கலந்ததோ வேண்டும். அதை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரிடம் விடுவதே என் யோசனை. அவர் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன மருந்து, எத்தனை முறை வருவீர்கள்? 'ஒரே முறையில் ஒழித்துவிடுகிறேன்' என்பவரையும் 'பெயர் சொல்ல மாட்டோம்' என்பவரையும் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். உரக்கடையில் வயலுக்கு விற்கும் மருந்தை வாங்கி நீர் கலந்து அடிக்காதீர்கள். அதில் கலந்திருக்கும் கரைப்பான் படுக்கையறைக்கு ஆனதல்ல. வீட்டு உபயோக மருந்தின் டப்பாவிலும் சாய்சதுரக் குறியைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அடுத்தது, நீலம் அதற்கும் கீழ், பச்சை எல்லாவற்றிலும் குறைவு. முன்பு பலரும் மூட்டைப்பூச்சிக்குப் பயன்படுத்திய டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய புட்டி பரணில் இருந்தால் அதை எடுத்து அடிக்காதீர்கள். அறை முழுவதும் புகையாகப் பரப்பும் மருந்தும் வீண். அது இடுக்குக்குள் போகாது, பூச்சியைப் பக்கத்து அறைக்குத் துரத்தும்.

கட்டில் பொருத்து, நிலை, தரையும் சுவரும் சேரும் ஓரம், தறிக்கால் ஆகிய இடுக்குகளில் மட்டும் மருந்து. மெத்தை மேல் வேண்டாம். காயும்வரை, குறைந்தது நான்கு மணி நேரம், யாரும் உள்ளே வரக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம். பைரித்ராய்டு வகையில் சில பூனைக்கு ஆகவே ஆகாது. சுவிட்சுப் பெட்டிக்குள் நீர் மருந்து கூடவே கூடாது. மெயினை அணைத்துவிட்டு, சிலிக்கா தூளோ டயட்டம் மண் என்று விற்கும் தூளோ கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக ஊதினால் போதும். அது பூச்சியின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி, உடல் நீரை வற்றவைத்துக் கொல்லும். மெதுவான சாவு, ஆனால் இதற்குப் பழகிக்கொள்வது பூச்சிக்கு எளிதல்ல. தூவும்போது முகக்கவசம் போடுங்கள்.

உங்கள் வீட்டில் செய்வதானால் நான் இப்படிச் செய்வேன். முதல் நாள் மாலை, அண்டை வீட்டோடு ஒட்டிய சுவரின் வெடிப்புகளில் தூள். அந்த இடத்தில் ஆவி கிடையாது. சூட்டுக்கு ஓடும் பூச்சி அந்தப் பக்கம் போகாமலிருக்க அது வேலி. மறுநாள் காலை துணிகள், கட்டில், தறி, ஆவி. மதியம் எல்லாம் உலரட்டும். மாலை மருந்து. சேலத்து வெயிலில் முட்டை ஆறு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். எனவே பன்னிரண்டாம் நாள் இரண்டாம் சுற்று. பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன் பிடித்துவிடலாம். அதற்குப் பதினைந்து நாள் கழித்து மறுபடி டார்ச். ஒரு வாரம் அடங்கிப் பிறகு கடித்தது என்று எழுதியிருந்தீர்களே, அது திரும்பி வந்த பூச்சி அல்ல. நீங்கள் கொல்லாமல் விட்ட முட்டை.

அன்றிரவு எங்கே தூங்குவது? அதே கட்டிலில்தான். பலருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். மூட்டைப்பூச்சி நம் மூச்சையும் உடல் சூட்டையும் தேடி வருவது. நீங்கள் கூடத்துக்கு மாறினால் அதுவும் கூடத்துக்கு வரும், இல்லையெனில் மருந்தைத் தொடாமல் இடுக்கிலேயே பட்டினி கிடக்கும். பல வாரம், சில மாதம்கூட அதனால் முடியும். நீங்கள் கட்டிலில் படுத்தால்தான் அது மருந்தின் மேல் நடந்து வரும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டு, நான்கு கால்களையும் சோப்பு நீர் ஊற்றிய கிண்ணங்களில் வையுங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சும்மா வைத்தாலே பூச்சி ஏற முடியாது என்று வெளிநாட்டுக் காணொளிகளில் சொல்வார்கள். அவர்கள் ஊர்ப் பூச்சிக்கு அது சரி. நம் வெப்பமண்டலப் பூச்சிக்குக் காலில் பிடிப்பு அதிகம், வழுவழுப்பிலும் ஏறிவிடும். நம் பாட்டிமார் கட்டில் காலை நீர்க் கிண்ணத்தில் வைத்ததுதான் இங்கே பொருத்தம்.

வரிசையில் உள்ள மற்ற வீட்டாரிடமும் பேசுங்கள். சங்கடம்தான், தெரியும். ஆனால் மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, ஆளைத் தேடி வருகிறது. பளிங்குத் தரை போட்ட வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். மனிதருக்கு நோய் எதையும் அது பரப்புவதாக நிரூபணமில்லை என்பதையும் சொல்லுங்கள், பாதிப் பயம் போகும். ஒரு வீடு மட்டும் செய்து மற்ற வீடு விட்டால் மூன்று மாதத்தில் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

ஏற்காட்டுப் பயணத்தை இரண்டாம் சுற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். போகும் துணிகளை வெந்நீர் கண்டபின் நேராகப் பையில் கட்டுங்கள். ஒருவேளை பூச்சி தங்கை வீட்டுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தால், மேலே சொன்னதை அப்படியே அங்கே செய்ய முடியாது. சுமார் 1500 மீட்டர் உயரத்தில் ஆவி சீக்கிரம் ஆறும், மரம் உலராது, ஈரத்தில் தூள் கட்டிபிடிக்கும். வெயிலை நம்பவே முடியாது. குளிரில் முட்டையும் மெதுவாகத்தான் பொரியும். பன்னிரண்டாம் நாள் சென்றால் பாதி முட்டை இன்னும் உறங்கிக்கொண்டிருக்கும். அங்கே இரண்டாம் சுற்றை மூன்று வாரத்துக்குத் தள்ளுங்கள். கம்பளிகளைச் சேலத்துக்கு இறக்கி, பையில் கட்டியபடியே சலவைக்குக் கொடுப்பது நல்லது.

மகன் அடுத்த முறை வரும்போது டிரங்குப் பெட்டி திண்ணையைத் தாண்டக் கூடாது. துணிகள் அங்கிருந்தே வெந்நீருக்குப் போகட்டும், பெட்டியின் மூலைகளுக்கு ஆவி பிடியுங்கள். பையன் முகம் சுளிப்பான். சோறு போட்ட பிறகு சொல்லுங்கள்.